ஸ்கூட்டர் ஓட்டும் ஓணானை எதில் வரைவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களாக கேன்வாஸில் அக்ரிலிக் வரைகிறீர்கள். நான்கு மாதத்தில் ஒரு குழுக் கண்காட்சி இருக்கிறது. இந்த முறை கோயில் குளமும் வயல்வெளியும் வேண்டாம், ஸ்கூட்டர் ஓட்டும் ஓணான், குக்கருக்குள் குடித்தனம் நடத்தும் ஆந்தை என்று குறும்பாக ஒரு வரிசை செய்யலாம் என்று ஆசை. அதற்காக ரெசின் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின்), ஆல்கஹால் இங்க், ஃப்ளோரசன்ட் பெயின்ட், வால் புட்டி, நெயில் பாலிஷ், மஞ்சள்தூள், காபித்தூள், ஜிகினா என்று மேஜை நிறைய சேர்த்து வைத்திருக்கிறீர்கள். எதை எதோடு சேர்க்கலாம், எது நிலைக்கும் என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில், "எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன், வேடிக்கையாக இல்லை, நெரிசலாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களை உண்மையில் உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன். அப்புறம் சில காலம் பழைய படங்களைச் சீர்செய்பவர் ஒருவரிடம் உதவிக்கு இருந்தேன், இப்போது வரைவதும் வகுப்பு எடுப்பதுமாகப் போகிறது. வேதியியல் முறையாகப் படித்ததில்லை. அதனால் கீழே வருவதில் உறுதியானது எது, என் கைப்பழக்கத்தில் மட்டும் தெரிந்தது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

நெரிசலுக்கு என் பதில் சின்னது: ஒரு படத்துக்கு ஒரே ஒரு புதுப் பொருள். மற்றதெல்லாம் உங்களுக்கு நன்றாகப் பழகியதாக, சாதுவாக இருக்கட்டும். குறும்பு பொருளின் எண்ணிக்கையில் வருவதில்லை. ஏதோ ஒரு பொருள் நம் சொல் பேச்சுக் கேட்காமல் ஒரு காரியம் செய்யும். அந்தக் காரியம் படத்தின் கதையோடு சேரும்போதுதான் பார்ப்பவர் முகத்தில் சிரிப்பு வரும். எட்டுப் பொருட்கள் ஒரே நேரத்தில் சொல் பேச்சுக் கேட்கவில்லை என்றால் அது வெறும் சத்தம்.

இதற்கு நான் வகுப்பில் எப்போதும் காட்டுவது ஓவியர் பால் கிளே 1922இல் செய்த ஒரு சின்னப் படம். ஒரு கம்பியில் வரிசையாக நாலு பறவைகள், கம்பியின் முனையில் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. இயந்திரமா, பறவையா என்று தெரியாது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர் பயன்படுத்தியது காகிதம், வாட்டர்கலர், மை, கொஞ்சம் ஆயில் பெயின்ட், அவ்வளவுதான். புதுமை, கோட்டைப் போட்ட விதத்தில். ஒரு தாளில் கறுப்பு ஆயில் பெயின்ட்டைத் தடவி, அதைக் கவிழ்த்து நல்ல தாளின் மேல் வைத்து, அதற்கும் மேலே பென்சில் வரைபடத்தை வைத்து, கூரான ஒன்றால் கோடுகளின் மேல் அழுத்தி இழுப்பார். வீட்டிலேயே செய்த கார்பன் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு கீழே இறங்கும்போது கூடவே கை பட்ட இடமெல்லாம் அழுக்குத் திட்டும் இறங்கும். அந்தத் திட்டையும் பிசிறடித்த கோட்டையும் அவர் மறைக்கவில்லை. அந்தப் பறவைகள் துருப்பிடித்த பொம்மை போலவும் கொஞ்சம் பரிதாபமாகவும் தெரிவதற்கு அதுவே பாதிக் காரணம்.

இதை நீங்கள் ஒரு சாயங்காலத்திலேயே செய்து பார்க்கலாம். மெல்லிய தாளில் கறுப்பு ஆயில் பெயின்ட்டை ஒரு துணிப் பந்தால் மிக மெலிதாகத் தேயுங்கள். எண்ணெய் கூடுதலாகத் தெரிந்தால் பழைய செய்தித்தாளில் ஒற்றி எடுங்கள். இல்லாவிட்டால் கோட்டைச் சுற்றி மஞ்சளாக ஒரு எண்ணெய் வளையம் விழும். விரல் வைத்தால் ஒட்டும், ஆனால் ஈரமாக வராது என்ற நிலை வரும்வரை காயவிடுங்கள். நம் ஊர் வெயிலில் பெயின்ட்டைப் பொறுத்து சில மணி நேரம் ஆகும். பிறகு தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் வரையுங்கள். உள்ளங்கையை எங்கே ஊன்றுகிறீர்கள் என்பதும் படத்தில் பதிவாகும், அதனால் ஊன்றும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஓணானின் ஸ்கூட்டருக்குப் பின்னால் புகை வேண்டுமென்றால் அங்கே உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து, போதும். சில நாள் கழித்து வாட்டர்கலர் பூசுங்கள். எண்ணெய்க் கோடு தண்ணீரை விலக்கிவிடும், அதனால் வண்ணத்தைத் தாராளமாக ஓடவிடலாம். படத்தைக் கண்ணாடிக்குள் போட்டுவிட்டால் நிலைப்பைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. காகிதம் மட்டும் அமிலமில்லாத பருத்திக் காகிதமாக இருக்கட்டும்.

ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் பழைய மரத்தரையின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதில் வந்த மர ரேகையைக் காடாகவும் மிருகமாகவும் மாற்றினார். அங்கேயும் விஷயம் அதேதான். முதலில் பொருள் ஒன்றைச் சொல்கிறது, பிறகுதான் ஓவியன் பதில் சொல்கிறான். நீங்கள் இப்போது செய்வது தலைகீழ் என்று நினைக்கிறேன். ஓணானை முழுதாக வரைந்து முடித்துவிட்டு, அதன் மேல் ஜிகினா தூவுகிறீர்கள். அப்போது ஜிகினா அலங்காரமாக மட்டும்தான் நிற்கும். ஜிகினாவைக் கண்டிப்பாகப் பயன்படுத்த வேண்டுமென்றால், ஜிகினா இல்லாமல் அந்தப் படமே இல்லை என்கிற ஒரு கதையைக் கண்டுபிடியுங்கள்.

சரி, இனி நிலைப்பு. இதில் உறுதியாகத் தெரிந்த அடிப்படை ஒன்று உண்டு. எந்தப் பெயின்ட்டிலும் இரண்டு சங்கதி: நிறம் தருவது ஒன்று, அதைப் பிடித்து ஒட்டவைப்பது ஒன்று. நிறம் தருவது நிறமியாகவும் இருக்கலாம், சாயமாகவும் இருக்கலாம். நிறமி என்பது கரையாத துகள். காவி, கரி, அல்ட்ராமரின் நீலம், டைட்டானியம் வெள்ளை இதெல்லாம் வெளிச்சத்துக்கு அசையாதவை. சாயம் கரையும், துணிக்குள் இறங்குவது போல உள்ளே இறங்கும், பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் பெரும்பாலும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். நிறமிகளிலும் சோடைகள் உண்டு. அலிசரின் கிரிம்சன் என்ற அழகான சிவப்பை மெலிதாகப் பூசினால் நிற்காது. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக வரைந்த பெரிய சுவரோவியங்கள் 1964இல் மாட்டப்பட்டன. அதில் அவர் கலந்த லித்தால் ரெட் என்ற மலிவான சிவப்பு ஜன்னல் வெயிலில் வெளுத்துப்போய், 1979க்குள் படங்களைக் கழற்றிச் சேமிப்பறைக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. 2014இல் மறுபடி காட்சிக்கு வைத்தபோது படத்தின் மேல் கை வைக்காமல், இழந்த நிறத்தை ஒரு புரொஜெக்டரிலிருந்து ஒளியாகப் பாய்ச்சித்தான் பழைய தோற்றத்தைக் காட்டினார்கள். நமக்கு யாரும் புரொஜெக்டர் பிடிக்கப் போவதில்லை. அதனால் குழாயின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிறமி எண்ணையும் ஒளி நிலைப்புக் குறியையும் படிப்பது பயனுள்ள பழக்கம். அது அச்சிடப்படாத குழாய் என்றால் கண்காட்சிப் படத்துக்கு நான் எடுப்பதில்லை.

உங்கள் மேஜையில் இருக்கும் ஆல்கஹால் இங்க் பெரும்பாலும் சாயம். ஃப்ளோரசன்ட் பெயின்ட் என்பது பிசினுக்குள் ஏற்றிய சாயம். இரண்டுமே வெளுக்கும், அதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு வேகத்தில் என்பது படம் மாட்டும் இடத்தைப் பொறுத்தது. வெயில் நேரே விழும் சுவரில் சில மாதத்திலேயே வித்தியாசம் தெரியும், இருட்டான வரவேற்பறையில் பல வருடம் தாங்கலாம். மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் அடித்தால் தள்ளிப்போகும், நிற்காது. ஃப்ளோரசன்ட் மேல் அந்த வார்னிஷ் அடித்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பெயின்ட் மின்னுவதே புற ஊதாவையும் நீலத்தையும் உறிஞ்சித்தான், அதைத் தடுத்தால் மின்னலும் கொஞ்சம் குறையும். நெயில் பாலிஷின் பிசின் நைட்ரோசெல்லுலோஸ். வருடங்கள் போகப் போக மஞ்சளாகி, இறுகி, வளையும் கேன்வாஸிலிருந்து பெயரும். ஆந்தையின் கண்ணில் ஒரு சொட்டு, அதுவும் பலகையின் மேல் என்றால் யாரும் தடுக்கப் போவதில்லை. பின்னணி முழுக்க என்றால் வேண்டாம்.

அந்த நைட்ரோசெல்லுலோஸுக்கு ஓவிய வரலாற்றில் ஒரு பெரிய இடம் உண்டு. மெக்சிகோ ஓவியர் சிகேரோஸ் 1936இல் நியூயார்க்கில் ஒரு சோதனைப் பட்டறை நடத்தினார். அங்கே தூரிகையை ஓரங்கட்டிவிட்டு, கார்களுக்கு அடிக்கும் அந்த லாக்கர் பெயின்ட்டைப் பலகையில் ஊற்றிப் பார்த்தார்கள். பின்னாளில் பெயின்ட்டைச் சொட்டவிட்டு வரைந்து பெயர் வாங்கிய ஜாக்சன் போலாக் இளம் வயதில் அங்கே வந்து போனவர். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை ஊற்றும்போது மேலே இருப்பது கனமாகவும் கீழே இருப்பது இலேசாகவும் இருந்தால், கனமானது கீழே இறங்கப் பார்க்கும், இலேசானது கிழித்துக்கொண்டு மேலே வரும். அதில்தான் கண்கண்ணாக அந்த வடிவங்கள் பிறக்கின்றன. இன்று அக்ரிலிக் ஊற்றி வரைபவர்கள் தேடுவதும் அதே கண்களைத்தான். டைட்டானியம் வெள்ளை கனம், கரிக் கறுப்பு இலேசு. இது தெரிந்தால் எதை மேலே ஊற்றுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். பலர் இதற்கு சிலிகான் எண்ணெய் சேர்க்கிறார்கள். கண் விழும், ஆனால் எண்ணெய் மேற்பரப்பில் படிந்து நிற்கும். அதை முழுக்கத் துடைத்து எடுக்காவிட்டால் மேலே அடிக்கும் வார்னிஷோ ரெசினோ திட்டுத்திட்டாக விலகிப் பள்ளம் விழும். அதனால் கனத்தின் கணக்கை வைத்தே விளையாடுவது நல்லது என்பது என் கருத்து. ஊற்றும்போது தண்ணீரை மட்டும் நம்பாமல் பாதிக்குமேல் அக்ரிலிக் மீடியத்தால் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் பிசின்) நீர்க்கச் செய்யுங்கள். கனமாக ஊற்றி மின்விசிறியின் கீழே வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அப்புறம் விரிசல்தான்.

இப்போது சமையலறை. மஞ்சள் நிற்காது. எந்த வார்னிஷ் போட்டாலும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். ஆனால் உங்கள் வரிசைக்கு நான் முதலில் எடுக்கக்கூடிய பொருள் அதுதான். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பாவது எல்லோருக்கும் தெரியும். ஆண் ஓணானுக்குக் கழுத்துச் சிவக்கும் என்பதும் தெரியும். ஓணானை மஞ்சள் கரைசலால் பருத்திக் காகிதத்தில் வரைந்துவிட்டு, கண்காட்சி திறக்கும் நாளில் எல்லோர் முன்னாலும் கழுத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு தீற்று தீற்றுங்கள். சிவக்கும். காற்றுப் பட்டு சுண்ணாம்பின் காரம் குறையக் குறைய அந்தச் சிவப்பு மங்கிப்போகும், கண்காட்சி முடிவதற்குள் உடம்பின் மஞ்சளும் சற்று இளைத்திருக்கும். தினமும் ஒரு போட்டோ எடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் நிறம் மாறுவதே படமாகிவிடுகிறது. அந்த ஒரு படத்தை விற்பனைக்கு வைக்காதீர்கள், அல்லது மாறும் என்று தெளிவாக எழுதி விற்றுவிடுங்கள். அழிவதை மறைத்து விற்பதுதான் தப்பு, அழிகிற பொருளில் வரைவது தப்பில்லை.

காபித்தூள் மஞ்சளைவிடக் கொஞ்சம் பொறுமைசாலி, இருந்தாலும் அதுவும் மெதுவாக வெளுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை பூஞ்சை. காபியில் சர்க்கரைப்பொருள் கொஞ்சம் உண்டு, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அது போதும். உடனடி காபித்தூளைக் கெட்டியாகப் பூசிய இடம் ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், நன்றாகக் காய்ந்தாற்போலவே இருக்காது. பழுப்பு நிறம்தான் வேண்டுமென்றால் இன்னொரு வழி சொல்கிறேன், இது பழுப்பிலிருந்து கறுப்புவரை போகும், விளையாட்டும் கூட. காளஹஸ்தியிலும் தஞ்சைப் பக்கம் கருப்பூரிலும் கலம்காரி என்ற துணி ஓவியம் செய்பவர்களின் கறுப்பு, இரும்பும் வெல்லமும் சேர்ந்தது. துருப்பிடித்த ஆணி, இரும்புத்துண்டு எதுவானாலும் வெல்லம் கரைத்த தண்ணீரில் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து, இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட வேண்டும். வடிகட்டினால் கிடைக்கும் நீர் அவ்வளவு கறுப்பாக இருக்காது, வெளிறித்தான் இருக்கும். கடுக்காயைக் காய்ச்சிய நீரில் முன்னமே தோய்த்துக் காயவைத்த துணியில் அதைத் தொட்டு எழுதினால், எழுதிய கோடு கண் முன்னால் கறுத்துக்கொண்டே வரும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு, அவ்வளவுதான் இரகசியம். துணியில் மை பரவாமல் இருக்கக் கடுக்காயோடு எருமைப்பால் சேர்ப்பார்கள், அதன் கொழுப்பு மையைத் தடுக்கும்.

இதை நீங்கள் காகிதத்திலும் செய்யலாம். காகிதத்தில் கடுக்காய் நீரால் ஒரு படம் வரையுங்கள், காய்ந்தால் இளமஞ்சளாக, இருப்பதே தெரியாத மாதிரி இருக்கும். பிறகு அகலமான பிரஷ்ஷால் இரும்பு நீரை மொத்தமாக ஒரு வீச்சு வீசினால், ஒளிந்திருந்த ஆந்தை கறுப்பாக எழுந்து வரும். கடுக்காய் கெட்டியாகப் பட்ட இடம் நல்ல கறுப்பு, லேசாகப் பட்ட இடம் சாம்பல். இதன் நிலைப்பு பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். நிறம் நன்றாக நிற்கும், பழைய கலம்காரித் துணிகளே சாட்சி. ஆனால் அதே பழைய துணிகளில் கறுப்பு இருக்கும் இடங்கள்தான் முதலில் இற்றுப்போயிருக்கும். இரும்பு நாரை அரிக்கும். ஐரோப்பாவின் பழைய கையெழுத்துச் சுவடிகளிலும் இரும்பு மை காகிதத்தைத் தின்ற கதை உண்டு. அது பல தலைமுறைக் கணக்கு. கண்காட்சிக்கும் வாங்குபவர் வீட்டுக்கும் தாராளமாகப் போதும் என்பது என் எண்ணம், நூறு வருட உத்தரவாதம் கேட்டால் தர முடியாது.

சமையலறையை விட்டு வாசலுக்கு வந்தால் செம்மண். இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்ஸைடு, வெளிச்சமும் காற்றும் அதை ஒன்றும் செய்யாது. மண்ணைப் பக்கெட் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, மணல் அடியில் தங்கியதும் மேலே இருக்கும் சிவப்புத் தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். இரண்டு மூன்று முறை இப்படி மாற்றினால் விரலில் நெருடாத வண்டல் கிடைக்கும். கடலோர மண் என்றால் தண்ணீரை அடிக்கடி மாற்றி உப்பைப் போக்குங்கள். காயவைத்து, அரைத்து, அக்ரிலிக் மீடியத்தில் குழைத்தால் உங்கள் ஊர்ப் பெயின்ட் தயார். உடைந்த நாட்டுக் கூரை ஓடுகளை இடித்துச் சலித்தாலும் இதே மாதிரி ஒரு நிறம் வரும். வங்காள ஓவியர் ஜாமினி ராய் கடையில் வாங்கும் பெயின்ட்டை விட்டுவிட்டு மண், சுண்ணக்கட்டி, விளக்குக்கரி, அவுரி இவற்றைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துத்தான் தன் பூனைகளையும் பெண்களையும் வரைந்தார். அவர் பூனை வாயில் இறாலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மண் நிறத்துக்கும் குறும்புக்கும் பகை இல்லை என்று தெரியும்.

புளியங்கொட்டைப் பசை தஞ்சாவூர் ஓவியத்திலும் உண்டு. சாக்பவுடரோடு குழைத்து மேடு எழுப்பி, அதன் மேல் தங்கத்தாள் ஒட்டுவார்கள். இதை உங்கள் வால் புட்டிக்கு மாற்றாகச் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் புட்டிகளில் பெரும்பாலானவை வெள்ளைச் சிமென்ட். சுவர் அசையாது, அதனால் அங்கே நிற்கிறது. கேன்வாஸ் அசையும், அங்கே விரிசல் விட்டு உதிரும். போதாக்குறைக்குச் சிமென்ட் காரம். அதன் மேல் நேரடியாக பிரஷ்யன் நீலம் பட்டால் பழுப்பாகிவிடும். மேடு வேண்டுமென்றால் அக்ரிலிக் ஜெல்லில் சாக்பவுடரோ மார்பிள் பவுடரோ குழைத்துக்கொள்ளுங்கள், கேன்வாஸிலேயே வளைந்து கொடுக்கும். புளியங்கொட்டைப் பசை விறைப்பானது, பூச்சிக்கும் பிடித்தமானது, அதனால் பலகைக்கு மட்டும். பசையில் மயில்துத்தம் சேர்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் அது விஷம், வீட்டில் குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் செம்பு காகிதத்தையும் நாளடைவில் கெடுக்கும்.

பலகை என்றதும் ஒன்று. ப்ளைவுட்டில் நேரே கெஸ்ஸோ (பெயின்ட் பிடிக்க அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) அடித்தால் மரத்தின் பழுப்புச் சாறு மேலே ஊறி வெள்ளை மஞ்சளாகும். முதலில் தெளிவான அக்ரிலிக் மீடியத்தால் இரண்டு பூச்சு, அப்புறம் கெஸ்ஸோ. பின்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் ஒரு பூச்சு கொடுங்கள், ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மழைக்காலத்தில் பலகை வளையும்.

ரெசின் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே. எபாக்ஸி ரெசின் மஞ்சளாகும் என்பது உறுதி. எத்தனை வருடத்தில் என்பதை டப்பாவில் எழுதியிருப்பதை வைத்து நான் நம்பமாட்டேன். கலைப்படங்களின் மேல் இது பரவலாக வந்தே அதிக காலம் ஆகவில்லை, நீண்டகாலத்தில் எப்படி மூப்படையும் என்பதை யாரும் உட்கார்ந்து பார்த்து முடிக்கவில்லை. நீலத்தின் மேலும் வெள்ளையின் மேலும் மஞ்சளிப்பு சட்டென்று தெரியும், செம்மண், பழுப்பு, கறுப்பின் மேல் தெரியாது. ஆகவே ரெசின் போடுவதானால் குக்கர் ஆந்தை போன்ற இருட்டு நிறப் படத்துக்குப் போடுங்கள். எடையையும் கணக்கில் வையுங்கள். ஒரு சதுர அடியில் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றினால் ஏறக்குறைய 300 கிராம் ஆகும். கேன்வாஸ் நடுவில் தொய்ந்து, ரெசின் குளமாகத் தேங்கும், பலகைதான் சரி. இரண்டு பாகங்களின் விகிதம் கன அளவா, எடையா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. விகிதம் தவறினால் எத்தனை நாளானாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். மழை பிசுபிசுக்கும் நாளில் ஊற்றினால் மேலே மெழுகுப் படலம் போல ஒன்று படரும். அக்டோபர், நவம்பரில் நான் ரெசினைத் தொடுவதே இல்லை. உள்ளே காகிதம் ஒட்டியிருந்தால் முன்கூட்டியே மீடியத்தால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரெசின் ஊறி எண்ணெய்த்தாள் போலாகும். காயவைக்காத பூவைப் போட்டால் பழுப்பாகிவிடும். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எப்போது தொட்டாலும் வரும். இதை மட்டும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதன் மேல் எது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் உறுதியான பதில்கள் உண்டு. அக்ரிலிக் மேல் ஆயில் பூசலாம், ஆயில் மேல் அக்ரிலிக் பூசக் கூடாது. ஆயில் பேஸ்டல் எப்போதும் முழுக்கக் காயாது, அதன் மேல் எதுவும் பிடிக்காது. போஸ்டர் கலர் மேல் ஈர வார்னிஷை பிரஷ்ஷால் அடித்தால் நிறம் கலங்கிவிடும். தெர்மாகோல் ஒட்டியிருந்தால் அதன் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள், கரைந்து குழிவிழும். மலிவான பிளாஸ்டிக் பொம்மைக் கண்களிலும் ரப்பர் போன்ற பொம்மைகளிலும் மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் நாளடைவில் வெளியே கசிந்து ஒட்டும். கண்ணாடி வளையல் துண்டும் பித்தளைப் பொத்தானும் அந்தத் தொல்லை தருவதில்லை.

ஆனால் யார் சொன்னாலும், நான் சொன்னாலும், உங்கள் கையிலிருக்கும் அந்தக் குறிப்பிட்ட டப்பாவைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். இன்றே ஒரு அட்டையில் எல்லாவற்றையும் கோடு கோடாகப் பூசுங்கள், பெயரும் தேதியும் எழுதுங்கள். பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். பக்கத்திலேயே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நல்ல அக்ரிலிக் நிறத்தையும் பூசி வைத்தால் ஒப்பிட வசதி. நான்கு மாதம் இருக்கிறது, ஒரு மாதத்திலேயே சோடைகள் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டுகிறதா என்று பார்க்க, முழுக்கக் காய்ந்த மாதிரியின் மேல் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ட் தொழிற்சாலைகளிலும் இதே சோதனைதான், கொஞ்சம் ஒழுங்கான பிளேடில் செய்வார்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்த ஜோடி சேராது. தடிமனான அக்ரிலிக் தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே உலர வாரக்கணக்கில் ஆகும், அதனால் கடைசி மாதத்தில் புதுச் சோதனை எதையும் தொடங்காதீர்கள். கெட்டியான ஆயில் பூச்சு இந்தக் கண்காட்சிக்கு வேண்டாம், நேரம் பற்றாது.

படத்தைக் கொண்டுபோகும் வழியிலும் கெடலாம். அக்ரிலிக் படலம் வெயிலில் இளகும். பப்பிள் ராப்பை நேரே சுற்றி மே மாத வண்டியில் ஏற்றினால், இறக்கும்போது படம் முழுக்க வட்ட வட்டமாகப் பதிந்திருக்கும். கேக் சுடும்போது அடியில் விரிக்கும் சிலிகான் பூசிய தாளைப் படத்தின் முகத்தில் வைத்து, அதற்கு மேல் பப்பிள் ராப்பைக் குமிழ் வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைக்காதீர்கள், பிரிக்கும்போது ஒன்று இன்னொன்றின் தோலை உரித்துக்கொண்டு வரும்.

பெயர்ச்சீட்டில் "மிக்ஸட் மீடியா" என்று மட்டும் போடாமல், "கடுக்காய், இரும்பு, பருத்திக் காகிதம்", "செம்மண், அக்ரிலிக், ப்ளைவுட்" என்று உள்ளதை எழுதுங்கள். வாங்குபவருக்கு நேர்மை, பின்னாளில் சீர்செய்பவருக்கு உதவி. அது மட்டுமில்லை, அதைப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். கேலரிக்காரர் நிலைப்பு பற்றிக் கேட்டதாகச் சொன்னீர்களே, இந்தச் சீட்டையும் வெயிலில் வைத்த சோதனை அட்டையையும் காட்டினால் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

குழந்தைகள் தொடுவார்களே என்று கேட்டிருந்தீர்கள். தொடத்தான் செய்வார்கள், பெரியவர்களும் தொடுவார்கள், மேடு பள்ளமாக ஒன்று சுவரில் இருந்தால் கை தானாகப் போகும். "தொடாதீர்கள்" பலகை பெரிதாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. அதே பொருட்களில் ஒரு அடிக்கு ஒரு அடி மாதிரிப் பலகை ஒன்று செய்து, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் மாட்டி, "இதைத் தொடலாம்" என்று எழுதிவிடுங்கள். ரெசினும் செம்மண்ணும் சாக்பவுடர் மேடும் அதில் இருக்கட்டும், மஞ்சள் மட்டும் வேண்டாம், கையில் ஒட்டிப் பக்கத்துப் படத்துக்குப் போய்விடும்.